பழைய வைராவுக் 35 காற்றுத் துப்பாக்கியைப் பிரித்துப் பழுதுபார்த்தல்: முழுமையான வழிகாட்டி

நான் ஜெர்மனியில் வசிக்கிறேன். இங்குள்ள பழம்பொருள் சந்தைகளில், துருப்பிடித்த வாணலிகளுக்கும் காபி அரைவைகளுக்கும் நடுவே அவ்வப்போது ஒரு பழைய காற்றுத் துப்பாக்கி கிடக்கும். என்னிடம் இருக்கும் வைராவுக் 35 அப்படி வந்ததுதான். குழலை மடக்கி இழுத்தால் உள்ளே மணலை அரைப்பதுபோல ஒரு சத்தம். சுட்டால் அறுந்த வீணைத் தந்தியின் அதிர்வு. பத்து மீட்டர் தொலைவில் வைத்த அட்டையில் ஈயக்குண்டு பாதி புதைந்து நின்றது. விற்றவர், "இதற்கு வலுவான ஸ்பிரிங் போட்டால் சரியாகிவிடும்" என்றார். பழைய துப்பாக்கிகளைக் கெடுப்பதே இந்த யோசனைதான். அதற்கு வேண்டியிருந்தது நேரான ஒரு ஸ்பிரிங், மென்மையான ஒரு தோல் வாஷர், பழைய பிசுக்கு போன சுத்தமான இரும்பு. வேகத்தைக் கூட்ட நினைப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது. பிறந்தபோது இருந்த நிலைக்கு அதைத் திரும்பக் கொண்டுவர விரும்புகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வைராவுக் நிறுவனம் 1899இல் துரிங்கியா பகுதியில் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பவேரியாவின் மெல்ரிக்ஸ்டாட் நகரத்தில் மீண்டும் எழுந்தது. 35 என்ற மாதிரி 1951இல் வெளிவந்தது. ஏறக்குறைய மூன்றரைக் கிலோ எடை, பருத்த மரக்கட்டை, குழலின் அடிப்பகுதியில் இடப்பக்கமாக ஒரு சிறு தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாளைத் தள்ளினால்தான் குழல் மடங்கும். பிரிப்பவருக்கு இதில் இருக்கும் பெரிய வசதி, சிலிண்டரின் பின்மூடி மரை போட்டுத் திருகப்பட்டிருப்பது. வேறு பல துப்பாக்கிகளில், பாகங்களைக் கோத்திருக்கும் ஊசி போன்ற ஒரு பின்னைத் தட்டி எடுத்த மறுகணமே ஸ்பிரிங்கின் முழு வலுவும் கைமேல் பாயும். இதில் ஒவ்வொரு சுற்றாக, நிதானமாக இறக்கலாம்.

உள்ளே நடப்பது என்ன?

குழலை மடக்கும்போது அதோடு இணைந்த இழுகோல் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஸ்பிரிங் சுருங்குகிறது, பிஸ்டன் தண்டின் முனையை விசையின் கொக்கி பிடித்துக்கொள்கிறது. விசையை இழுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னே எறிகிறது. சிலிண்டரில் இருந்த காற்று ஒரு சிறு துளைக்குள் நெருக்கப்பட்டுச் சட்டென்று சூடாகிக் குண்டைத் தள்ளுகிறது. பிஸ்டன் சிலிண்டரின் முன்சுவரில் முழு வேகத்தில் மோதாமல் இருக்கக் காரணம், குண்டு தடுத்து நிறுத்தியிருக்கும் அந்தக் காற்றுதான். அதுவே மெத்தை. குண்டு போடாமல் சுட்டால் மெத்தை இல்லை, இரும்பு இரும்பில் மோதும். வெறுமனே சுட்டுப் பார்ப்பது இந்த வகைத் துப்பாக்கிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய கொடுமை.

காற்று சூடாகிறது என்பதை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வைக்க வேண்டும். சிலிண்டருக்குள் சாதாரண இயந்திர எண்ணெய் இருந்தால், டீசல் எஞ்சினில் நடப்பதுபோல அது பற்றி வெடிக்கும். புகையும் பெரிய சத்தமும் வந்தால் 'நல்ல வலு' என்று பலர் மகிழ்கிறார்கள். உண்மையில் பிஸ்டனின் முனையில் காற்றை அடைக்கும் தோல் வாஷர் கருகுகிறது, ஸ்பிரிங் பின்னோக்கி அடிவாங்குகிறது.

சட்டம்

ஜெர்மனியில் 18 வயது நிறைந்தவர், குண்டின் ஆற்றல் 7.5 ஜூலுக்கு மேற்படாத காற்றுத் துப்பாக்கியை உரிமம் இல்லாமல் வாங்கலாம். அதற்கு அடையாளமாக ஐங்கோணத்துக்குள் எஃப் என்ற எழுத்து பொறிக்கப்பட்டிருக்கும். 1970க்கு முன் சந்தைக்கு வந்தவற்றுக்குத் தனி விலக்கு உண்டு. எஃப் முத்திரையிட்ட துப்பாக்கியில் ஏற்றுமதிக்கான வலுவான ஸ்பிரிங்கைப் போட்டால் அது சட்டவிரோதப் பொருளாகிவிடும். பிரிட்டனில் வரம்பு 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல். ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் காற்றுத் துப்பாக்கிக்கே சான்றிதழ் வேண்டும். இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கும் 4.5 மில்லிமீட்டர் விட்டத்துக்கும் உட்பட்டவற்றுக்கே உரிம விலக்கு. ஸ்பிரிங் வாங்குவதற்கு முன் உங்கள் ஊர் விதியைப் பார்த்துவிடுங்கள்.

கருவிகள்

திருகின் பள்ளத்தில் ஆடாமல் பொருந்தும் திருப்புளிகள் இரண்டு. முனை மெல்லிய திருப்புளியால் ஒரு முறை வழுக்கினால் ஐம்பது ஆண்டு அழகு ஒரே நொடியில் போய்விடும். திருப்புளியின் முனையை அரத்தால் தேய்த்துப் பள்ளத்துக்குச் சரியாக்கிக்கொள்வது என் வழக்கம். பின் தட்டும் பித்தளைக் கம்பி, சிறிய சுத்தியல், மேசையில் பூட்டிய வைஸ், அதன் வாய்க்குத் தடித்த தோல் அல்லது மரப்பட்டை. தச்சர்கள் பலகை ஒட்டும்போது இறுக்கும் நீளமான கிளாம்ப் ஒன்று. மாலிப்டினம் கிரீஸ், பழைய துணி, கண்ணாடி. கண்ணாடி என்றது கண்ணுக்குப் போடுவதை. அது இல்லாமல் தொடங்க வேண்டாம். கழற்றும் ஒவ்வொரு பொருளையும் கழற்றிய வரிசையில் ஒரு வெள்ளைத் துணியில் அடுக்கி, கட்டத்துக்குக் கட்டம் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

பிரித்தல்

முதலில் குழலை மடக்கி உள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். குண்டு சிக்கியிருந்தால் முன்வாயிலிருந்து கம்பியால் தள்ளி எடுங்கள். குழலை மடக்கிய நிலையில் விசையை ஒருபோதும் தொடாதீர்கள். ஸ்பிரிங் ஏறியிருந்தால் குழல் சடாரென்று மூடிக்கொள்ளும். இடையில் விரல் இருந்தால் விரல் போகும், விரல் இல்லாவிட்டாலும் குழல் வளையும்.

மரக்கட்டையிலிருந்து இரும்புப் பகுதியைப் பிரிப்பது எளிது. முன்கட்டையின் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு திருகு, விசைக்காப்பின் முன்புறத்தில் ஒன்று. கழற்றியதும் மொத்த இரும்பும் மேலே தூக்க வந்துவிடும். திருகுகளின் கீழ் வாஷர் இருந்தால் எந்தத் திருகுக்கு எது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு, மறுபடி கட்டையில் பொருத்தும்வரை, குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றவே கூடாது.

அடுத்து விசைப்பெட்டி. ரெக்கோர்ட் என்று பெயர் பெற்ற இந்த விசை, தனிப் பெட்டியாக இரண்டு பின்களில் தொங்குகிறது. பின்களைத் தட்டும்போது கட்டைவிரலைப் பின்மூடியின் இடப்பக்கத்திலுள்ள பாதுகாப்புப் பொத்தானின் மேல் வைத்திருங்கள். பெட்டி இறங்கியவுடன் அந்தப் பொத்தானும் அதன் பின்னுள்ள சிறு ஸ்பிரிங்கும் வெளியே குதிக்கப் பார்க்கும். அது உருண்டுபோனால் அரை நாள் தரையில் தேட வேண்டியிருக்கும். விசைப்பெட்டியை உள்ளே பிரிக்காதீர்கள். வெள்ளைப் பெட்ரோலில் அலசி உலர்த்தி, கொக்கி உரசும் முகங்களில் மட்டும் கடுகளவு மாலிப்டினம் கிரீஸ் தடவினால் போதும். விசைக்குப் பின்னால் தெரியும் பெரிய திருகு இழுப்பின் கனத்தை மாற்றுவது. மற்றச் சிறு திருகு தொழிற்சாலையில் அமைத்தது, அதைத் தொட வேண்டாம்.

பிறகு குழல். பலர் பின்மூடியை முதலில் கழற்றுவார்கள். நான் குழலைத்தான் முதலில் எடுப்பேன், அப்போதுதான் மீதியிருக்கும் சிலிண்டர் குட்டையாகிக் கிளாம்புக்குள் அடங்கும். கீல் போல்ட்டைப் பூட்டியிருக்கும் நட்டைத் தளர்த்தி, போல்ட்டை எடுத்து, குழலை மெதுவாக முன்னே இழுங்கள். கீலின் இரு பக்கமும் மெல்லிய வாஷர்கள் இருக்கும். அவை எண்ணெயில் ஒட்டிக்கொண்டு கண்ணில் படாமல் போகும், தேடி எடுத்து வையுங்கள். இழுகோலைச் சிலிண்டரின் அடிப்பிளவிலிருந்து விடுவித்துவிட்டால் குழல் தனியாக வந்துவிடும்.

இனி பின்மூடி. ஸ்பிரிங் ஓய்வில் இருப்பதுபோலத் தோன்றினாலும் பல சென்டிமீட்டர் சுருங்கித்தான் உள்ளே கிடக்கிறது. முதல் துப்பாக்கியைப் பிரித்தபோது நான் கிளாம்ப் இல்லாமல், மூடியை நெஞ்சில் அழுத்தியபடி திருகினேன். கடைசி மரை விட்ட கணத்தில் மூடி என் கையைத் தாண்டிப் போய் அலமாரிக் கதவில் ஓர் ஓட்டை போட்டது. அந்த வழியில் முகம் இருந்திருக்கலாம். அன்றிலிருந்து கிளாம்ப் இல்லாமல் எந்தத் துப்பாக்கியையும் திறந்ததில்லை.

முறை இதுதான். முன்பக்கத்தில், கீலைத் தாங்கும் இரு கவைகளும் உட்காரும்படி ஒரு மரத்துண்டில் பள்ளம் வெட்டிக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் மூடியின் நடுவில் அழுத்த, முனை உருட்டிய இன்னொரு மரத்துண்டு. இரண்டுக்கும் நடுவே சிலிண்டரை வைத்துக் கிளாம்பை மிதமாக இறுக்குங்கள். மூடியை இடஞ்சுழியாக ஒரு சுற்றுத் திருப்புங்கள், கிளாம்பை அந்த ஒரு சுற்றளவுக்குத் தளர்த்துங்கள், மறுபடி திருப்புங்கள். மூடி அசைய மறுத்தால் சுத்தியலைத் தேடாமல் தலைமுடி உலர்த்தும் கருவியால் சில நிமிடம் சூடு காட்டுங்கள். இறுகிப்போன பழைய கிரீஸ் இளகும். பிறகு ரப்பர் பட்டை ரென்ச் போட்டால் தழும்பு விழாமல் சுழலும். கடைசி மரை விடும்போது ஒரு மெல்லிய 'டக்' கேட்கும். மூடி கிளாம்பின் பிடியில் நிற்கும். அதன்பின் கிளாம்பின் திருகை மட்டும் பின்னுக்கு விட்டுக்கொண்டே வந்தால் ஸ்பிரிங் தன் முழு நீளத்துக்கு அமைதியாக எழுந்து நிற்கும்.

ஸ்பிரிங்கையும் அதன் உள்தண்டையும் எடுத்தபின், சிலிண்டரைச் சாய்த்தால் பிஸ்டன் வழுக்கி வரும். வராவிட்டால் காற்றுத்துளை வழியாக மெல்லிய மரக்குச்சியால் தள்ளுங்கள்.

எதைப் பார்க்க வேண்டும்?

ஸ்பிரிங்கைத் துடைத்து ஒரு கண்ணாடிப் பலகையில் உருட்டுங்கள். நேரான ஸ்பிரிங் ஒரே சீராக ஓடும், வளைந்தது நொண்டும். என்னுடையது ஒரு முனையில் ஒன்றரைச் சுற்று உடைந்து, உடைந்த துண்டு அடுத்த சுற்றுக்குள் திருகிக்கொண்டு கிடந்தது. அந்த மணல் அரைக்கும் சத்தம் அதுதான். உடைந்ததையும் வளைந்ததையும் மாற்ற வேண்டும். சற்றுக் குறுகியிருந்தாலும் நேராக இருந்தால் விட்டுவிடலாம். புதிய ஸ்பிரிங்கின் இரு முனைகளையும் உப்புத்தாளில் தேய்த்து, விரல் நகத்தில் சிக்காத அளவு மழமழப்பாக்குங்கள். முனை சொரசொரப்பாக இருந்தால் சுருங்கும்போது முறுக்கிக்கொண்டு கிறீச்சிடும்.

சிலிண்டருக்குள் துணி சுற்றிய குச்சியை விட்டு, துணி வெள்ளையாகவே திரும்பும்வரை துடையுங்கள். விளக்கடியில் பிடித்துப் பார்த்தால் நீளவாட்டில் லேசான கோடுகள் தெரியும். அவற்றால் குற்றமில்லை. நகம் சிக்கும் ஆழமான கீறல் இருந்தால் மட்டும் 400 எண் உப்புத்தாளைக் குச்சியில் சுற்றிச் சுழற்றிச் சுழற்றி மென்மையாகத் தேயுங்கள். இரும்பைக் குறைப்பது நோக்கமில்லை. இழுகோல் ஓடும் பிளவின் ஓரங்களையும் விரலால் தடவிப் பாருங்கள். கத்திபோல இருந்தால் மெல்லிய அரத்தால் கூர் மழுக்குங்கள். புதுத் தோல் வாஷரைச் சீவி எறிவது இந்த ஓரங்கள்தான்.

தோல் வாஷர்

நம் வீடுகளில் சைக்கிள் பம்பையோ பெட்ரோமாக்ஸ் விளக்கையோ பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கிண்ணம்போல் வளைந்த ஒரு தோல், தண்டின் முனையில் திருகால் பிடிக்கப்பட்டிருக்கும். காற்று அழுத்தும்போது கிண்ணத்தின் உதடு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். இந்தப் பிஸ்டனிலும் அதேதான். அப்பா பம்பு அடிக்காத விளக்கின் வாஷரை எண்ணெயில் ஊறவைத்து உயிர்ப்பித்ததைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். காய்ந்த தோலுக்கு முதலில் அந்த வாய்ப்பைக் கொடுங்கள். உடையாமல் வளைந்தால், மாட்டுக் குளம்பிலிருந்து எடுக்கும் எண்ணெயில் இரவு முழுக்க ஊறவையுங்கள். குதிரைச் சேணம் விற்கும் கடைகளில் அது கிடைக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும், இங்குள்ள குளிரில் வாஷர் மரக்கட்டையாகிவிடும்.

என் வாஷர் கருகி, தொட்டதும் துகளாக உதிர்ந்தது. முன்பு வைத்திருந்தவர் ஏதோ எண்ணெயைத் துளைவழியாகத் தெளித்துக்கொண்டே இருந்திருக்கிறார். புதிது செய்தேன். தாவரப் பொருளால் பதனிட்ட, சுமார் 3 மில்லிமீட்டர் தடித்த தோல் வேண்டும். குரோமியத்தில் பதனிட்ட மெத்தென்ற தோல் வடிவம் பிடிக்காது. சிலிண்டரின் உள்விட்டத்தைக் காலிப்பரால் அளந்து, அதே விட்டத்தில் ஒரு கட்டைத் துண்டில் ஓட்டை போடுங்கள். அந்த விட்டத்திலிருந்து தோலின் தடிமனை இருமுறை கழித்தால் வருவது அழுத்தும் உருளையின் விட்டம். 30 மில்லிமீட்டர் ஓட்டைக்கு 24 மில்லிமீட்டர் உருளை. வட்டமாக வெட்டிய தோலை வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஓட்டையின்மேல் பரப்பி, உருளையை வைஸில் வைத்து மெல்ல மெல்ல அழுத்துங்கள். தோல் முதலில் முரண்டும், பிறகு சுருக்கமே இல்லாமல் உள்ளே இறங்கும். இரண்டு நாள் அப்படியே காயட்டும். வெயிலிலோ அடுப்படியிலோ வைக்க வேண்டாம். காய்ந்தபின் உதட்டை ஒரே உயரத்துக்குச் சீவி, நடுவில் துளையிட்டு, எண்ணெயில் ஊறவைத்து, மேலே வழியாதபடி துடைத்துவிடுங்கள்.

கிண்ணத்தின் வாய் காற்றுத்துளையைப் பார்த்து இருக்க வேண்டும். பிடிக்கும் திருகின் தலை உதட்டின் மட்டத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அது சுவரில் மோதும். மரையில் ஒரு துளி பூட்டுப்பசை இடுங்கள்.

குழலின் பின்வாயில் உள்ள சிறு வளையத்தையும் மறக்காதீர்கள். பிஸ்டனைப் புதுப்பித்துவிட்டு இதை விட்டவர்கள் வலு வரவில்லையே என்று குழம்புவார்கள். அந்தத் தோல் வளையம் இரும்பு மட்டத்துக்கு ஒரு மயிரிழை மேலே நிற்க வேண்டும். அமுங்கியிருந்தால் பின்னால் மெல்லிய காகித வளையம் வைத்து உயர்த்தலாம், கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும்.

மறுபடி சேர்த்தல்

கிரீஸைப் பொறுத்தவரை கஞ்சத்தனமே அறிவு. பிஸ்டனின் பின்பாதியில், ஸ்பிரிங் உரசும் உள்தண்டில், ஸ்பிரிங்கின் முனைகளில் மாலிப்டினம் கிரீஸை விரலால் மெல்லிய படலமாகத் தேயுங்கள். வாஷருக்கு முன்னே எதுவும் போகக்கூடாது. வீணைத் தந்தி அதிர்வை அடக்க, ஸ்பிரிங்கின் வெளிப்புறத்தில் தார்போன்ற கெட்டி கிரீஸை மிக லேசாகத் தடவலாம். அதிகமானால் குளிரில் பிஸ்டனே மந்தமாகிவிடும்.

பிஸ்டனை உள்ளே விடும் கணத்தில்தான் பாதி வாஷர்கள் பாழாகின்றன. கோப்புறைகளுக்கு வரும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் ஒரு பட்டை வெட்டி, பிளவின் உட்புறத்தை மூடும்படி சிலிண்டருக்குள் வளைத்து வையுங்கள். தோலின் உதட்டை விரல் நுனிகளால் சுற்றிலும் உள்ளே மடக்கிக்கொடுத்து, பிஸ்டனைச் சுழற்றாமல் நேராகத் தள்ளுங்கள். பிளவைத் தாண்டியதும் பட்டையை உருவிவிடலாம். இப்போது காற்றுத்துளையை விரலால் அடைத்துப் பிஸ்டனைத் தள்ளினால், மெத்தையில் அழுத்தியதுபோல் திருப்பித் தள்ள வேண்டும். விரலை எடுத்தால் கை வலுவிலேயே ஓட வேண்டும்.

பின்மூடியைக் கிளாம்பில் ஏற்றும்போது மரை குறுக்கே பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் இடஞ்சுழியாக மெல்லச் சுழற்றினால் மரைகள் பொருந்தும் இடத்தில் ஒரு சிறு 'டிக்' உணரலாம். அங்கிருந்து வலஞ்சுழியாகத் திருகுங்கள். எங்காவது இறுகினால் வலுக்கட்டாயம் வேண்டாம், பின்னே வந்து மறுபடி தொடங்குங்கள். விசைக்கான வெட்டு, சிலிண்டரின் அடிப்பிளவோடு நேர்க்கோட்டில் வந்து நிற்க வேண்டும்.

குழலையும் இழுகோலையும் வாஷர்களோடு மாட்டுங்கள். கீல் போல்ட்டின் இறுக்கத்துக்கு ஓர் எளிய சோதனை உண்டு. மடக்கிய குழல் தன் எடையால் கீழே விழாமல் வைத்த இடத்தில் நிற்க வேண்டும், பக்கவாட்டில் சற்றும் ஆடக்கூடாது. அந்த நிலையில் நட்டைப் பூட்டுங்கள். விசைப்பெட்டியைப் பொருத்தும்முன் அதன் கொக்கியைக் கையாலேயே அழுத்திக் 'கிளிக்' என்று மாட்டிய நிலைக்குக் கொண்டுவருவேன். பாதுகாப்புப் பொத்தானையும் அதன் ஸ்பிரிங்கையும் உள்ளே அழுத்திப் பிடித்தபடி பெட்டியை ஏற்றி இரு பின்களையும் செலுத்துகிறேன். பிறகு மரக்கட்டை, திருகுகள்.

சோதனை

குண்டு போட்டு, தடித்த மண்மூட்டையை நோக்கி, குழல் மூடும் இடத்தின்மேல் மெல்லிய காகித நாடாவை வைத்துச் சுடுங்கள். காகிதம் துள்ளினால் பின்வாய் வளையம் காற்றை விடுகிறது. முதல் பத்து இருபது குண்டுகளில் சிறிது புகையும் எண்ணெய் வாடையும் வரும். தோலில் ஊறிய மிச்சம் எரிகிறது. அதன்பின்னும் தொடர்ந்தால் கிரீஸ் முன்னே போயிருக்கிறது, திரும்பப் பிரித்துத் துடைக்க வேண்டியதுதான்.

வேகமானி கிடைத்தால் கட்டாயம் அளந்து பாருங்கள். கிலோகிராமில் எடுத்த எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஆற்றல். 0.53 கிராம் குண்டு விநாடிக்கு 160 மீட்டரில் போனால் ஏறக்குறைய 6.8 ஜூல், 168 மீட்டரில் 7.5 ஜூல், அதாவது எஃப் முத்திரையின் எல்லை. என்னுடையது 158க்கும் 161க்கும் நடுவே நின்றது. அந்த எண்ணைவிட, பத்துக் குண்டுக்கும் வித்தியாசம் மூன்று மீட்டருக்குள் அடங்கியதில்தான் எனக்கு மகிழ்ச்சி அதிகம். வாஷர் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பிடிக்கிறது என்று அதற்குப் பொருள்.

ஐம்பது குண்டு சுட்டதும் கட்டைத் திருகுகளைச் சரிபாருங்கள், நிச்சயம் சற்றுத் தளர்ந்திருக்கும். இருநூறில் இன்னொரு முறை. தோல் வாஷருக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை காற்றுத்துளை வழியாக இரண்டே துளி குளம்பெண்ணெய் விட்டு, துப்பாக்கியை ஓர் இரவு முன்வாய் மேலே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள்.